மலையூரில் மூன்று நாள் நடை

வியாசர்பாடியில் மலை கிடையாது. வட சென்னையை ஒரு முறையாவது பார்த்தவர்களிடம் இதை நிரூபிக்க வேண்டிய அவசியமில்லை. எங்கள் பேட்டையில் அண்ணாந்து பார்க்கத் தக்கவை எவை என்று எண்ணினால், கோயில் கோபுரமும், ரயில் பாதைக்கு மேலாகச் செல்லும் பாலமும், வடக்கே கொடுங்கையூர்க் குப்பைமேடும்தான் தேறும். குன்றுபோல் குவிந்த அந்தக் குப்பையைக் கிளறிப் பிரித்து அகற்றும் வேலையும் இப்போது நடந்துவருகிறது. ஆகவே எங்களுக்கென்று இருந்த ஒரே 'மலை'யும் நாளடைவில் மறைந்துபோகும். போகட்டும், அதற்காகக் கண்ணீர் விடுவார் யாரும் இல்லை.

இத்தகைய ஊரில் சரித்திரமும் பூகோளமும் போதிக்கும் உபாத்தியாயருக்கு ஒரு சங்கடம் உண்டு. சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு பழுப்பு நிறப் பட்டை. அதன் சிகரங்கள் எத்தனை மீட்டர் உயரம் என்று சொன்னால் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். பரீட்சையில் பிழையின்றி எழுதியும் விடுவார்கள். ஆனால் உயரம் என்ற விஷயத்தை முழுவதும் கண்ணால் அறிந்துகொள்ள முடிவதில்லை. அதில் பாதியையாவது முழங்காலைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நடப்பதை நம் முன்னோர்கள் ஒரு பொழுதுபோக்காக நினைத்ததில்லை. வண்டி இல்லை, ஆகையால் நடந்தார்கள். நாமோ முதலில் வண்டி வாங்குகிறோம்; பிறகு வைத்தியருக்குப் பணம் கொடுத்து, 'நடக்க வேண்டும்' என்ற யோசனையை வாங்குகிறோம்; அதற்கும் பிறகு, இருந்த இடத்திலேயே நடப்பதற்கு ஒரு யந்திரமும் வாங்குகிறோம்! பிரான்ஸ் தேசத்தார் இந்த விஷயத்தில் கொஞ்சம் கெட்டிக்காரர்கள் என்று சொல்லவேண்டும். அந்நாட்டின் தென்பகுதிக் குன்றுகளில், உச்சியின் மேலே கல்வீடுகள் நெருங்கி நிற்கும் பழைய கிராமங்கள் பல உண்டு. அவற்றில் ஒன்றில் சில நாட்கள் தங்கி, காலையில் ஒரு திசையாகப் புறப்பட்டு, பகலெல்லாம் நடந்து, மாலையில் அதே ஊருக்குத் திரும்புவது அங்கே பலருக்கும் உகந்த விடுமுறை. ஒரு காலத்தில் கோவேறு கழுதைகள் சுமையுடன் சென்ற பாதைகளே இன்று அவர்களுடைய உல்லாசப் பாதைகள்.

இதைப் படித்த நாளிலிருந்து, 'நம் நாட்டில் மட்டும் மலையூர்களுக்குப் பஞ்சமா?' என்ற எண்ணம் எனக்கு உண்டாகியிருந்தது. 2018-ம் வருஷத்துப் பொங்கல் விடுமுறையில் அதற்கு வேளை வந்தது.

* * *

நான் தேர்ந்தெடுத்த ஊர் வெள்ளகெவி. கொடைக்கானலுக்குத் தெற்கே, பெரியகுளத்துச் சமவெளிக்கும் கொடைக்கானல் உச்சிக்கும் நடுவே, மலைமுதுகில் இருக்கிறது. சரித்திரம் படித்தவர்கள் அந்தப் பெயரைக் கேட்டால் சற்று நிமிர்ந்து உட்காரவேண்டும். கொடைக்கானலுக்கு வந்த முதல் ஐரோப்பியர் லெப்டினன்ட் வார்டு என்ற நில அளவைக்காரர். 1821-ல் அவர் மலையேறியது இந்த வெள்ளகெவி வழியாகத்தான். அதற்குப் பிறகு 1845-ல் மதுரை அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள் மேலே பங்களாக்கள் கட்டினார்கள். கீழே இருந்த சிறுமலையில் காய்ச்சலும் மரணமும் அவர்களைத் துரத்திய காரணத்தால், இன்னும் உயரமான, குளிர்ந்த இடமாகத் தேடி வந்தார்கள். 1863-ல் லெவிஞ்சு துரையின் முயற்சியால் ஏரி ஏற்பட்டது. 1875-ல் திருச்சிக்கும் மதுரைக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியதும், துரைமார்கள் அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில் இறங்கி, இரவெல்லாம் மாட்டுவண்டியில் ஆடி அசைந்து மலையடிவாரத்துக் கிருஷ்ணமநாயக்கன் தோப்பை அடைந்து, அங்கிருந்து குதிரையிலும் டோலியிலும் மேலே போனார்கள். 'மேலே போனார்கள்' என்பது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் நம்மவர்களின் தோள்தான் அவர்களை மேலே கொண்டுபோயிற்று. 1914-ல் மலைச்சாலை முடிவடைந்தது. மோட்டார் வந்தது. டோலி தூக்கியவர்களின் தோளுக்கும் ஓய்வு வந்தது.

கொடைக்கானலைப் பொறுத்த வரையில் அப்படித்தான். ஆனால் வெள்ளகெவியில்? அதை அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

துணைக்கு எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்காசிரியர் வந்தார். எதையும் எண்ணாமல் அவரால் இருக்க முடியாது. படியேறினால் படியை எண்ணுவார். பஸ்ஸில் ஏறினால் கைப்பிடிகளை எண்ணுவார். மலை ஏறுவதற்கு உகந்த துணைவர் இவரே என்று எனக்குத் தோன்றியது. என் வீட்டிலோ வேறுவிதமான அபிப்பிராயம் நிலவியது.

"காணும் பொங்கலுக்கு மெரீனாவில் பத்து நிமிஷம் நடக்கச் சொன்னால் கால் வலிக்கிறது என்பீர்கள். இப்போது மலையிலே நடக்கப் போகிறீர்களாக்கும்!" என்றாள் என் மனைவி.

"கடற்கரை மணலில் நடப்பதுதான் கஷ்டம், மலையிலே கல்" என்று சொல்லித் தப்பித்தேன். அது எவ்வளவு பெரிய உண்மை என்பது மறுநாளே தெரிந்துவிட்டது.

* * *

மாட்டுப் பொங்கலன்று இரவு எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினோம். பழைய அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனின் இன்றைய பெயர் கொடைக்கானல் ரோடு. விடியுமுன்னே அங்கே இறங்கி, வத்தலக்குண்டு வழியாகப் பெரியகுளம் சென்று, அங்கிருந்து கும்பக்கரையை அடைந்தோம். பாம்பாறு பாறைகளின் மேல் வழிந்து அருவியாக விழும் இடம் அது. குளிக்க வந்த கூட்டத்தை விட்டு விலகி, மலைமேல் செல்லும் ஒற்றையடிப் பாதையின் அடியில் நின்றோம். வெள்ளகெவிக்காரரான ஒரு பெரியவர் எங்களை அழைத்துப் போவதாக முன்பே ஏற்பாடு. வயது அறுபதுக்கு மேல் இருக்கும். காலில் செருப்பில்லை. தலையில் ஒரு சாக்குமூட்டை. எங்கள் தோள் பைகளை ஒரு பார்வை பார்த்தார்; பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தார்; பைகளையும் தம்மிடமே கொடுத்துவிடச் சொன்னார். மானத்தைக் காப்பாற்றுவதற்காக முதல் அரை மணி நேரம் நாங்களே சுமந்தோம்.

அடிவாரத்தில் மாந்தோப்புகள். அதற்கு மேலே முட்புதரும் காய்ந்த புல்லும் வெயிலும். பாதை நேராக ஏறுவதில்லை; வளைந்து வளைந்து ஏறுகிறது. ஆனால் அது வளையும் இடமெல்லாம் மூச்சும் சேர்ந்து வளைகிறது. பல தலைமுறைக் கால்கள் பட்டுத் தேய்ந்த கற்கள். சில இடங்களில் யாரோ எப்போதோ அடுக்கி வைத்த படிகள். மேலே போகப் போகக் காற்றில் ஈரம் ஏறியது. மரங்கள் நெருங்கின. அருவிச் சத்தம் ஒரு சமயம் இடது பக்கத்தில் கேட்கும். மறு சமயம் காலுக்குக் கீழே கேட்கும்.

"இன்னும் எவ்வளவு தூரம் ஐயா?" என்று கேட்டார் கணக்காசிரியர்.

"இந்தா, பக்கந்தேன் சார்" என்றார் பெரியவர்.

ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். மறுபடியும், "பக்கந்தேன்." மூன்றாம் முறையும் அதே பதில் வந்ததும், கணக்காசிரியர் ஒரு பாறைமேல் உட்கார்ந்து தம் சித்தாந்தத்தை வெளியிட்டார்: "ஸார்! ஒரு 'பக்கந்தேன்' என்பது ஒரு மணி பத்து நிமிஷத்துக்குச் சமம்."

மலையேறுவதில் முதல் பாடத்தை அங்கேதான் கற்றோம். நாங்கள் பத்து நிமிஷம் வேகமாக ஏறிப் பத்து நிமிஷம் மூச்சு வாங்குவோம். பெரியவரோ ஒரே சீராக, அவசரமில்லாமல், முழுப் பாதத்தையும் ஊன்றி நடப்பார், எங்கேயும் உட்காரமாட்டார், எப்போதும் எங்களுக்கு முன்னாலேயே இருப்பார். எதிரே சுமையுடன் மட்டக்குதிரைகள் இறங்கி வந்தன. அவற்றுக்கு வழி விடும்போது மலைச்சரிவுப் பக்கம் நிற்கக் கூடாது. மேட்டுப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று கையைப் பிடித்து இழுத்துச் சொன்னார். மூட்டை இடித்தால் பள்ளத்தில்தான் போய் விழ வேண்டும். "கெவின்னா பள்ளந்தேன் சார். ஊர்ப் பேர்லயே சொல்லி வச்சிருக்காக" என்றார்.

பிற்பகலில், காப்பிச் செடிகளின் நிழல் வழியாக, ஊருக்குள் நுழையும் இடத்தை அடைந்தோம். அங்கே பெரியவர் நின்றார்.

"செருப்பைக் கழட்டிருங்க சார்."

வெள்ளகெவியில் யாரும் செருப்பணிந்து நடப்பதில்லை. ஊரையே தெய்வம் குடியிருக்கும் இடமாக அவர்கள் பாவிக்கிறார்கள். வீட்டுக்கு வீடு கோயில் என்று சொல்லத்தக்க அளவுக்கு அங்கே தெய்வங்கள் நெருங்கி வாசம் செய்கின்றன. மலையேறுவதற்கென்றே பாரிமுனையில் அலைந்து, மாதச் சம்பளத்தில் கணிசமான பாகத்தைக் கொடுத்து வாங்கிய எங்கள் பூட்ஸுகளைக் கையில் ஏந்திக்கொண்டு, வெறுங்காலுடன் ஊருக்குள் பிரவேசித்தோம். தெருவில் விளையாடிய குழந்தைகளுக்கு அதைக் காட்டிலும் வேடிக்கையான காட்சி அன்று கிடைத்திராது.

ஊர் சிறியது. மலைமுதுகு அகலமானதல்ல; ஆகவே வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. தை மாதம் காப்பிப் பழம் பறிக்கும் காலமாதலால், முற்றங்களில் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. பெரியவரின் மனைவி வெல்லம் போட்ட கடுங்காப்பி கொடுத்தார். அந்த மண்ணில் விளைந்து, அந்த முற்றத்தில் காய்ந்து, அந்த அடுப்பில் வறுபட்ட காப்பி! அதைக் குடித்த பிறகு பட்டணத்து ஹோட்டல் காப்பியைப் பற்றி நான் அதிகம் பேசுவதில்லை.

* * *

மறுநாள் வடக்கே மேல்நோக்கிப் புறப்பட்டோம். வெள்ளகெவியிலிருந்து டால்பின் மூக்குப் பாறை வழியாக வட்டக்கானலுக்கு ஏறி, மாலையில் ஊர் திரும்புவது உத்தேசம்.

முந்திய நாள் பாதை செங்குத்து என்று நினைத்திருந்தோம். இந்தப் பாதையைப் பார்த்த பிறகு அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டோம். மரவேர்களே படிகள், வேர் இல்லாத இடத்தில் பாறை, பாறையும் இல்லாத இடத்தில் முழங்கையையும் காலாகப் பாவித்துக்கொள்ள வேண்டும். இரு பக்கமும் சோலைக்காடு. மரங்களின் உடம்பெல்லாம் பாசி. பகலிலேயே அந்தி வெளிச்சம். இந்தச் சோலைகள்தான் மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைகளில் விடுகின்றன. பெரியகுளத்து வயலில் பாயும் நீரின் பிறப்பு இங்கே என்பதைப் புத்தகத்தில் பல முறை படித்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இங்கே அந்த நீர் என் காலடியில் கசிந்து, என்னை இரண்டு முறை வழுக்கி விழச் செய்து, தன் இருப்பை உறுதிப்படுத்திக்கொண்டது.

ஓரிடத்தில் பெரியவர் கையை உயர்த்தினார். அசையாமல் நின்றோம். கீழே சற்றுத் தூரத்தில், புதருக்கு அப்பால், காட்டுமாடு ஒன்று நின்றுகொண்டிருந்தது. கரிய உடல், முழங்காலுக்குக் கீழே வெள்ளை உறை போட்டது போன்ற கால்கள். எங்களை நிதானமாகப் பார்த்தது. 'இவர்களால் ஆபத்தில்லை' என்று தீர்மானித்து நடந்துவிட்டது. அதன் தீர்மானம் முற்றிலும் சரியானதுதான்.

மேலே புல்வெளிச் சரிவில் இடுப்பளவு உயரத்துப் பச்சைச் செடிகள் சிலவற்றைப் பெரியவர் காட்டினார். "குறிஞ்சி சார். போன தடவை ரெண்டாயிரத்து ஆறுல பூத்துச்சு. இந்த வருசம் பூக்கும் பாருங்க." பூ இல்லாத குறிஞ்சியைப் பார்ப்பதற்கு விசேஷமாக ஒன்றுமில்லை. ஆனால் 12 ஆண்டு காத்திருந்து, இன்னும் சில மாதத்தில் மலையையே நீலமாக்கப் போகும் செடி இதுதான் என்று தெரிந்து பார்த்தபோது, இலைகளைத் தொடக்கூடக் கை தயங்கியது.

டால்பின் மூக்கு என்பது வெறும் ஆகாயத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை. அதன்மேல் கூட்டம் நின்றது. எங்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து, அதாவது மேலே கொடைக்கானலிலிருந்து, காரில் வந்து சிறிது தூரம் இறங்கியவர்கள். பாறையின் நுனியில் ஒவ்வொருவராக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பள்ளத்திலிருந்து ஏறி வந்த எங்களைப் பார்த்து ஓர் இளைஞர், "கீழே பார்க்க ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார்.

"ஓர் ஊர் இருக்கிறது" என்றேன்.

வட்டக்கானலில் தேநீர்க் கடைகள், ரொட்டி ஆம்லெட், விடுதிகள், உலகத்தின் பல தேசத்து வாலிபர்கள். அங்கே பெரியவர் ஒரு கடையில் தம் சாக்குமூட்டையை இறக்கிக் காப்பிக்கொட்டையைக் கொடுத்து, எண்ணெய், பருப்பு, மாத்திரைகள் முதலியவற்றை வாங்கி, அதே சாக்கில் கட்டிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. எங்களுக்கு அது உல்லாசப் பிரயாணம். அவருக்கு அது சந்தைக்குப் போய் வருகிற நாள். நாங்கள் வாழ்நாளில் ஒரு முறை ஏறிவிட்டுப் பத்து வருஷம் பெருமையடித்துக்கொள்ளப் போகிற பாதையில், அவர் மண்ணெண்ணெய்க்கும் அரிசிக்கும் ஆயிரம் முறை நடந்திருக்கிறார்.

* * *

மூன்றாம் நாள் எங்கள் கால்கள் ஒத்துழையாமை இயக்கம் தொடங்கிவிட்டன. ஆகவே ஊரைச் சுற்றியே நடப்பது என்று தீர்மானித்தோம். காப்பித் தோட்டம், ஆரஞ்சு மரங்கள், மிளகுக்கொடி படர்ந்த மரங்கள், பலா, ஓடை என்று மெதுவாகச் சுற்றி வந்து, பள்ளத்தாக்கைப் பார்த்த ஒரு பாறையில் உட்கார்ந்தோம். கீழே பெரியகுளத்துச் சமவெளி வெயிலில் மின்னிற்று. மோட்டார் சத்தம் இல்லை. கணக்காசிரியர் உணர்ச்சிவசப்பட்டார்.

"ஐயா! நீங்கள் பாக்கியசாலிகள். இந்த ஊருக்கு மட்டும் ரோடு வந்துவிடக் கூடாது. வந்தால் எல்லாம் கெட்டுப் போகும்" என்றார்.

பெரியவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். கோபம் வந்ததாகத் தெரியவில்லை. பிறகு சொன்னார்:

"பிள்ளைத்தாச்சிப் பொம்பளைக்கு ராத்திரி வலி கண்டா டோலி கட்டணும் சார். நாலு பேரு தூக்கணும். மாத்துக்கு நாலு பேரு வரணும். முன்னால பின்னால ரெண்டு பேரு வெளிச்சம் பிடிக்கணும். மழை நாள்னா அட்டை கடிக்கும், வழுக்கும். தூக்குறவன் வழுக்கினா எல்லாரும் கெவிக்குள்ளதேன். நீங்க நேத்து ஏறுனீகளே, அதே பாதைதேன். சில பேரு போய்ச் சேந்துருக்காக. சில பேரு பாதியிலயே..."

அவர் முடிக்கவில்லை. நாங்கள் இருவரும் நேற்றுப் பாதையை மனத்துக்குள் மறுபடியும் ஏறினோம், இம்முறை தோளில் ஒரு கழியுடன், இருட்டில்.

பெரியவர் தொடர்ந்தார்: "உங்க மெட்ராசுல உங்க வீட்டு வாசலுக்கு ஆம்புலன்சு எம்புட்டு நேரத்துல வரும் வாத்தியாரய்யா?"

கணக்காசிரியர் தலை குனிந்துகொண்டார். நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வியாசர்பாடியிலிருந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரி அதிகத் தொலைவில்லை. பெருமழை பெய்து கணேசபுரம் சுரங்கப்பாதை நீரில் மூழ்கும் நாட்களில் சற்றுச் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருக்கும். அந்தச் சுற்றுக்கே நாங்கள் தெருவில் நின்று எவ்வளவு ஆத்திரப்படுகிறோம்! அந்த ஆத்திரம் நியாயமானதே. ஆனால் எங்களுக்கு இரண்டு நாள் அடைபடும் வழி, இந்த மலைமேல் தலைமுறை தலைமுறையாகத் திறக்கவே இல்லை. லெப்டினன்ட் வார்டு இந்த ஊர் வழியாக ஏறிச் சென்று 197 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் ஏறிய உச்சியில் நகரம் உண்டாயிற்று, ஏரி உண்டாயிற்று, அந்த நகரத்துக்கு 1914-லேயே சாலையும் உண்டாயிற்று. அவர் கடந்து சென்ற ஊருக்கு நாங்கள் போன 2018-ல் டோலிதான் இருந்தது.

திரும்பும் வழியில் கணக்காசிரியர் வெகு நேரம் எதையும் எண்ணவில்லை. கும்பக்கரை நெருங்கும்போதுதான் வாய் திறந்தார்: "ஒரு டோலிக்குப் பத்துப் பேர். பத்துப் பேருக்கும் போக ஒரு நாள், வர ஒரு நாள். இருபது நாள் கூலி போயிற்று. இது நோயாளி ஆஸ்பத்திரிக்குள் நுழைவதற்கு முன்னால் ஆகும் செலவு, ஸார்."

அவர் போட்ட கணக்குகளில் எனக்கு மறக்காமல் நிற்பது இது ஒன்றுதான்.

* * *

நாங்கள் ஊர் திரும்பிய எட்டு வாரத்துக்குள், 2018 மார்ச் 11-ம் தேதி, தேனி ஜில்லாவில் குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவியது. மலை நடைக்குச் சென்றிருந்தவர்கள் அதில் சிக்கினார்கள். இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். எங்கள் சென்னையிலிருந்து போனவர்களும் அவர்களில் இருந்தார்கள். இளம் வயதினர், எங்களைப் போலவே மலையின்மேல் ஆசை கொண்டு சென்றவர்கள். மாசி, பங்குனியில் மலைப்புல் எவ்வளவு காய்ந்திருக்கும், தீ மேல்நோக்கி எவ்வளவு வேகமாக ஓடும் என்பதெல்லாம் சமவெளிக்காரர்களாகிய நமக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மலைக்காரர்களுக்குத் தெரியும். அந்த வருஷமே மலை நடைக்கு அரசாங்கம் விதிகள் ஏற்படுத்தியது. 2024 அக்டோபரில், உள்ளூர் வழிகாட்டிகளுடன் நடந்து செல்வதற்கென்று தமிழ்நாடு முழுவதும் 40 பாதைகளை வகுத்து, முன்பதிவு செய்துகொள்ளும் ஏற்பாடும் வந்தது. 'காட்டில் நடக்கக் கூடவா அனுமதிச் சீட்டு?' என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. குரங்கணியை நினைத்துப் பார்த்தால் முணுமுணுப்பு அடங்கிவிடும்.

அந்த ஆண்டு ஆவணி, புரட்டாசியில் பெரியவர் சொன்னபடியே குறிஞ்சி பூத்தது. பத்திரிகைகளில் படம் பார்த்தேன். கொடைக்கானல் சாலையில் கார்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும் படத்தையும் பார்த்தேன். அங்கே வண்டிகள் பெருகியதன் பலனாக, 2024 மே மாதத்திலிருந்து, மலையேறும் வண்டிகளுக்கு இணைய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்பேரில் ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் பார்த்த பிறகு, என் நண்பர் அந்தப் பாறைமேல் சொன்ன வார்த்தையில் உண்மையே இல்லை என்று சொல்லிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. சாலை வந்தால் கூட்டம் வரும்; கூட்டத்தோடு குப்பையும் வரும். குப்பைமேட்டுக்கு அடுத்த பேட்டையில் வசிப்பவனுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அழகைக் காப்பாற்றுவதற்கான கூலியை, பிரசவ வேதனையில் டோலியில் ஆடும் ஒரு பெண்ணிடமிருந்து வசூலிக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? ரோடு வேண்டாம் என்று சொல்லும் பாத்தியதை, அந்தப் பாதையில் ஒரு முறையேனும் டோலி தூக்கியவர்களுக்கே உண்டு. அவர்கள் அப்படிச் சொல்ல நான் கேட்கவில்லை.

அப்படியானால் பாதைக்கு என்ன கதி? இங்கேதான் மறுபடியும் அந்தப் பிரெஞ்சுக் குன்றுகளைப் பார்க்க வேண்டும். அங்கே மலையூர்களுக்குச் சாலை போய்விட்டது. கோவேறு கழுதைகளுக்கு வேலையில்லாமல் போயிற்று. பாதைகள் புதர் மண்டி மறைந்திருக்க வேண்டியவை. 1947 முதல் நடைப் பிரியர்கள் சங்கமாகச் சேர்ந்து, நீண்ட பாதைகளை வகுத்து, கல்லிலும் மரத்திலும் வெள்ளையும் சிவப்புமாக அடையாளம் தீட்டி, அவற்றைப் பராமரித்துவருகிறார்கள். நோயாளிக்கும் சுமைக்கும் சாலை; நடக்க விரும்புகிறவனுக்குப் பாதை. ஒன்றுக்காக மற்றொன்றைக் கொல்லவேண்டியதில்லை. நம்மிடமோ, 1914-ல் கொடைக்கானலுக்குச் சாலை வந்த பிறகு, கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து ஏறிய பழைய பாதையைக் கவனிப்பார் குறைந்துபோயினர். எத்தனையோ தோள்கள் தேய்ந்த பாதை அது!

ஆகவே, மலை நடையில் ஆசையுள்ள நேயர்களுக்கு என் விண்ணப்பம் சில உண்டு. ஐப்பசி, கார்த்திகைப் பெருமழையையும், மாசி முதல் சித்திரை வரை காய்ந்த காலத்தையும் தவிர்த்துவிட்டுச் செல்லுங்கள். அனுமதி பெற்றே செல்லுங்கள். உள்ளூர் மனிதர் ஒருவர் முன்னே நடக்க, அவர் காலடியைப் பார்த்துப் பின்னே நடங்கள். ஊரார் செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள். அவர்கள் வீட்டுக் காப்பியும் ஆரஞ்சும் விலை கொடுத்து வாங்குங்கள்; பேரம் பேச வேண்டாம்; அந்தச் சரக்கு எத்தனை 'பக்கந்தேன்' நடந்து வந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். கொண்டுபோன காகிதமும் புட்டியும் உங்களுடனேயே கீழே வரட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மலையூர் தனக்குச் சாலை வேண்டும் என்று மனுக் கொடுக்கும்போது, 'அழகு கெடும்' என்று எதிர்மனுப் போடாதிருங்கள். முடியுமானால் அந்த மனுவில் நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்கள். சாலை வந்த பிறகு, பஸ்ஸை அவர்களுக்கு விட்டுவிட்டு, பழைய பாதையிலேயே நடந்து போங்கள். நாலு பேர் அப்படி நடந்துகொண்டிருக்கும் வரையில் அதில் புல் முளைக்காது.